ஒயிட் சாஸ் காய்கறி லசான்யா: தண்ணீரைப் பிடித்து வைக்கும் கலை

மெல்லிய மாவுத் தாள்களுக்கிடையே காயும், மைதாவால் கெட்டியாக்கிய பாலான ஒயிட் சாஸும், சீஸும் அடுக்கி ஓவனில் சுடும் காய்கறி லசான்யா சுவையால் கெடுவது அபூர்வம்; தண்ணீரால் கெடுவதுதான் வழக்கம். வெண்ணெயும் பாலும் சீஸும் ஒன்றுசேர்ந்த எந்தப் பண்டமும் ஓரளவுக்காவது ருசியாகத்தான் இருக்கும் என்பதால், ஓவனிலிருந்து வெளியே எடுக்கும் வரை எல்லாம் சரியாகவே தோன்றும்; மேற்பரப்பு பொன்னிறமாகச் சிவந்திருக்கும், வீடெல்லாம் மணக்கும். முதல் துண்டை எடுத்த பிறகுதான், அது இருந்த இடத்தில் வெளிறிய நீர் ஊறித் தேங்குவதும், தட்டில் வைத்த துண்டு அடுக்கடுக்காக வழுக்கிச் சரிவதும் கண்ணில் படும். சமையல் குறிப்புகள் பெரும்பாலும் மசாலாவைப் பற்றியும் சீஸைப் பற்றியும் விரிவாகப் பேசிவிட்டு, இந்த நீரைப் பற்றி ஒரு வரியோடு கடந்துவிடுகின்றன. எனக்கோ இந்தச் சமையலில் பாதி வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

33 செ.மீ. நீளமும் 23 செ.மீ. அகலமும் கொண்ட, ஆறு முதல் எட்டு பேர் வரை சாப்பிடக்கூடிய ஒரு பாத்திரத்துக்கு நான் எடுத்துக்கொள்வது, கொழுப்பு நீக்காத பால் 1 லிட்டர், வெண்ணெய் 70 கிராம், மைதா 70 கிராம், காளான், பசலைக்கீரை, மஞ்சள் பூசணி ஒவ்வொன்றும் 400 கிராம், மொசரெல்லா சீஸ் 200 கிராம், துருவிய கெட்டிச் சீஸ் 60 கிராம், லசான்யா தாள்கள் 12. இவற்றோடு பூண்டு, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், மிளகு, ஜாதிக்காய், உப்பு. இதில் காய்கறிகளின் எடையை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். காளானிலும் பூசணியிலும் எடையில் ஏறத்தாழ 92 சதவீதமும், பசலைக்கீரையில் 91 சதவீதமும் தண்ணீர்தான். வெள்ளரிக்காய் போலத் தோன்றும் சுக்கினி சேர்ப்பதாக இருந்தால் அது 95 சதவீதத்தைத் தொடும். அப்படியானால் 1,200 கிராம் காய்கறிக்குள் ஒரு கிலோவுக்கும் மேலான தண்ணீர் ஒளிந்திருக்கிறது. ஒயிட் சாஸுக்காக நாம் ஊற்றும் ஒரு லிட்டர் பாலில் இருப்பதைவிட இது அதிகம். காய்களை அரைகுறையாக வதக்கி அடுக்கினால், அளந்து அளந்து கெட்டியாக்கிய சாஸின்மேல் இன்னொரு லிட்டர் தண்ணீரைக் கொட்டியதற்கு ஒப்பாகிவிடும்.

நாற்பது நிமிடம் ஓவனில் வெந்தால் அந்த நீர் ஆவியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. ஓவனின் சூடு 180 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், ஈரம் இருக்கும் வரை அடுக்குகளின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதோடு ஒவ்வோர் அடுக்குக்கும் மேலே தாளும் சாஸும் மூடிக்கொண்டிருப்பதால், ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே காயின் நீரை வெளியேற்றும் வேலையை அடுப்பிலேயே முடித்துவிட வேண்டும்.

காளானை நறுக்கி, அகலமான வாணலியில், எண்ணெயைக்கூட அளவாகவே விட்டு, நல்ல தீயில் வதக்குகிறேன். வாணலி சிறியதாக இருந்தால் இரண்டு தடவையாகப் போடுவதே நல்லது. குவித்துப் போட்டால் காளான் தன் நீரிலேயே வேகுமே தவிர, வதங்காது. முதல் சில நிமிடங்களில் நீர் விட்டு, வாணலி முழுவதும் கொதிக்கும் சத்தம் கேட்கும். அந்த நீர் சுண்டச் சுண்டச் சத்தம் மெல்ல மாறி, கடைசியில் எண்ணெயில் பொரிகிற சலசலப்பாகிவிடும். கண்ணைவிடக் காது இங்கே துல்லியமானது. சத்தம் மாறிய பிறகு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ஓரங்கள் பழுப்பேறியதும் நசுக்கிய பூண்டும் உப்பும் மிளகும் சேர்த்து இறக்கினால், 400 கிராம் காளான் வாணலியின் ஒரு மூலையில் அடங்கிவிடும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். சுவை முழுவதும் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது.

பசலைக்கீரைக்கு வேறு வழி. கொதிநீரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி, கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் பிழிய வேண்டும். ஒருமுறை பிழிந்தால் போதும் என்று நினைப்போம், போதாது. பிழிந்த உருண்டையை நறுக்கி, மறுபடி ஒரு துணியில் கட்டி முறுக்கினால், மேலும் கரும்பச்சை நீர் சொட்டும். முடிவில் உள்ளங்கையில் அடங்கும் ஓர் உருண்டைதான் மிஞ்சும். அதைப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு வெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, மூன்று நான்கு கரண்டி ஒயிட் சாஸோடு கலந்து வைத்துக்கொண்டால், அடுக்கும்போது கொத்துக் கொத்தாக நிற்காமல் சமமாகப் பரவும்.

பூசணியைத் தோல் சீவி, ஒரு விரற்கடை கனத்துக்குத் துண்டுகளாக்கி, எண்ணெய் தடவி, 220 டிகிரி சூட்டில் 25 நிமிடம் போல ஓவனில் சுட்டுக்கொள்வேன். ஓரங்கள் கருகத் தொடங்கும்போது அதன் இனிப்பு திரண்டு நிற்கும். ஜாதிக்காய் மணம் சேர்ந்த ஒயிட் சாஸுக்கு இவ்வளவு பொருத்தமான காய் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. கத்தரிக்காயும் இதே முறைக்கு ஒத்துவரும். ஆனால் அதன் சதையில் காற்றறைகள் மிகுந்திருப்பதால், வாணலியில் வதக்கினால் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகையால் வட்டமாக அரிந்து, எண்ணெயைத் தூரிகையால் மேலாகத் தடவிச் சுடுவதே நல்லது. சுக்கினியைச் சேர்ப்பவர்கள் மெல்லியதாக அரிந்து, உப்புத் தூவி, அரை மணி நேரம் வடிதட்டில் வைத்து, துணியால் ஒற்றிய பிறகு சுட வேண்டும்.

ஒரு லசான்யாவுக்கு மூன்று காய்கள் போதும், ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடுக்கில் இருக்கட்டும் என்பது என் கட்சி. வீட்டில் இருக்கும் காய்களையெல்லாம் பொடியாக நறுக்கி ஒன்றாக வதக்கி எல்லா அடுக்குகளிலும் பரப்பினால், எந்த வாயிலும் எந்தக் காயின் ருசியும் தெளிவாக வருவதில்லை. பட்டாணியையும் சோள மணிகளையும் நான் சேர்ப்பதே இல்லை. அவை அடுக்கில் ஒட்டாமல் தனித்து நின்று, கத்தி பட்டவுடன் நாலாபுறமும் உருண்டோடுகின்றன.

இனி ஒயிட் சாஸ். இத்தாலியில் பொலோன்யா நகரத்தை ஒட்டிய பகுதியின் லசான்யாவில் இறைச்சிக் குழம்போடு கூடச் சேர்வது இந்த வெள்ளைச் சாஸ்தான். தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் அந்த இடத்தில் ரிகோட்டா சீஸ் வரும். இறைச்சி இல்லாத லசான்யாவுக்கு நான் ஒயிட் சாஸையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் ருசி மட்டுமல்ல. ரிகோட்டாவும் ஈரம் மிகுந்த சீஸ். சூடு பட்டால் தானும் நீர் விடும். மைதாவால் கெட்டியான பால் நீர் விடுவதற்குப் பதிலாக, காயிலிருந்து எஞ்சிக் கசியும் நீரையும் ஓரளவு தன்னுள் இழுத்துக்கொள்ளும்.

சாஸ் செய்யும் முன்பு பாலில் பாதி வெங்காயம், ஒரு பிரிஞ்சி இலை, இரண்டு கிராம்பு போட்டு, கொதி வரும் நிலையில் இறக்கி, அரை மணி நேரம் மூடி வைத்து வடிகட்டுவேன். அவசரமென்றால் இதைத் தவிர்க்கலாம். சாஸின் பதம் கெடாது, மணம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை மிதமான தீயில் உருக்கி, நுரை அடங்கியதும் மைதாவை ஒரே தடவையில் கொட்டிக் கிளற வேண்டும். முதலில் பசைபோலத் திரண்டு, பிறகு மெல்ல இளகி, ஈர மணலைப் போலப் பாத்திரத்தின் அடியில் பரவும். இந்த நிலையில் இரண்டு நிமிடம் வதக்கினால் போதும். நிறம் மாறக் கூடாது. மைதாவைச் சிவக்க வறுத்துவிட்டால் சாஸின் வெண்மை போவதோடு, கெட்டியாக்கும் சக்தியும் குறைந்துவிடும்.

சாஸ் கட்டி தட்டுவதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால், அதைத் தடுப்பது எளிது. உலர்ந்த மைதா நேரடியாகச் சூடான திரவத்தில் விழுந்தால், வெளிப்பக்கத்து மாவு உடனே வெந்து கூழாகி, உள்ளே இருக்கும் மாவுக்கு நீர் புகாதபடி உறை போட்டுவிடுகிறது. வெண்ணெயில் கலந்த மைதாவில் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு சூழ்ந்திருப்பதால், அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பாலில் கலக்கின்றன. ஆனாலும் பாலை மொத்தமாக ஊற்றிவிடக் கூடாது. முதல் ஒரு கரண்டியை ஊற்றி, கம்பிக் கரண்டியால் அடித்து, மழமழவென்று விழுதானதும் அடுத்த கரண்டி. கால் பங்கு பால் இப்படிச் சேர்ந்த பிறகு மீதியைத் தாராளமாக ஊற்றலாம். பால் சூடாக இருக்க வேண்டுமா, ஆறியிருக்க வேண்டுமா என்று சமையற்காரர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. இரண்டிலும் நன்றாகவே வரும். அந்த முதல் சில கரண்டிகளில் காட்டும் நிதானம்தான் முக்கியம். எல்லாம் மீறிக் கட்டி தட்டிவிட்டால், சல்லடையில் ஊற்றித் தேய்த்து வடித்துக்கொண்டால் தீர்ந்தது.

பால் முழுவதும் ஊற்றியதும் சாஸ் நீர்த்திருப்பதைப் பார்த்துப் பயந்து மேலும் மைதா போட வேண்டாம். கோதுமை மாவின் ஸ்டார்ச் 60 டிகிரியை ஒட்டித்தான் நீரை இழுத்து உப்பத் தொடங்குகிறது. முழுக் கெட்டித்தன்மை கொதிநிலையை நெருங்கும்போதுதான் வரும். அதனால் விடாமல் கிளறிக்கொண்டே ஒரு கொதி வர விட்டு, பிறகு தீயை நன்றாகக் குறைத்து, எட்டு முதல் பத்து நிமிடம் வரை வேக விட வேண்டும். கொதி வந்தவுடன் கெட்டியாகிவிட்டது என்று இறக்கிவிடுபவர்கள்தான் அதிகம். மைதாவின் பச்சை வாசனை போவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். பாத்திரத்தில் கரண்டி படாத மூலைகளில் அடிப்பிடிக்கும் என்பதால், மரக்கரண்டியால் ஓரங்களை வழித்துவிட்டபடியே இருப்பது நலம். கரண்டியின் முதுகில் சாஸ் படிந்து, அதன்மேல் விரலால் இழுத்த கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் அதுவே பதம். உப்பு, வெள்ளை மிளகுத்தூள், கால் தேக்கரண்டிக்கும் குறைவாகத் துருவிய ஜாதிக்காய் சேர்த்து இறக்கலாம். ஜாதிக்காய் இருப்பது தெரியக் கூடாது. இல்லாவிட்டால் ஏதோ குறைவதாகத் தோன்ற வேண்டும்.

கிரீமியாக வர வேண்டுமென்று ஃபிரெஷ் கிரீம் ஊற்றுவது பலருடைய பழக்கம். எனக்கு அது தேவையற்ற பாரமாகவே படுகிறது. வாயில் உணரும் அந்த வழுவழுப்பு, நன்றாக வெந்த ஸ்டார்ச்சும் முழுக் கொழுப்புள்ள பாலும் சேர்ந்து தருவது. கிரீம் சேர்த்தால் இரண்டாவது துண்டுக்குத் திகட்டிவிடும். சீஸைச் சாஸிலேயே கலக்க விரும்புபவர்கள் அடுப்பை அணைத்த பிறகு ஒரு கைப்பிடி கலக்கலாம். சீஸ் சேர்ந்த சாஸை மறுபடி கொதிக்க விட்டால், அதன் புரதம் இறுகி, கொழுப்பு தனியே பிரிந்து மிதக்கும். சாஸ் காத்திருக்க வேண்டியிருந்தால், ஆடை படியாமலிருக்க ஒரு பட்டர் பேப்பரை அதன் மேற்பரப்பிலேயே ஒட்டினாற்போல் மூடிவிட வேண்டும்.

தக்காளி இல்லாமல் லசான்யாவா என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். இத்தாலியிலோ அதற்கு வெகு முன்பே, 14-ஆம் நூற்றாண்டுச் சமையல் ஏடுகளில், வேகவைத்த மாவுத் தாள்களுக்கிடையே துருவிய சீஸும் நறுமணப் பொடிகளும் தூவி அடுக்கும் பண்டம் இடம்பெற்றுவிட்டது. ஆக, வெள்ளை லசான்யாவை யாரும் போலி என்று சொல்லிவிட முடியாது. புளிப்பு வேண்டுமென்றால், பாதியாக வெட்டி, குறைந்த சூட்டில் சுருங்கும் வரை சுட்ட சிறிய தக்காளிகளை ஓர் அடுக்கில் வைக்கலாம். தக்காளிச் சாஸ் ஊற்றினால் மறுபடி தண்ணீர்க் கதைதான்.

தாள்களைப் பொறுத்தவரை, கடையில் கிடைக்கும் உலர்ந்த தாள்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையை நிறைய நீரில் உப்புப் போட்டு, பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, ஈரத்தை ஒற்றிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று படாமல் துணியில் பரப்ப வேண்டும். ஒட்டாமலிருக்கக் கொதிநீரில் எண்ணெய் விடுவதில் பயனில்லை; எண்ணெய் பூசிய தாளின்மேல் சாஸ் பிடிக்காது. இரண்டாவது, வேகவைக்கத் தேவையில்லாத வகை. இது ஓவனுக்குள்ளேயே சாஸின் நீரை உறிஞ்சி வேகும் என்பதால், சாஸில் கூடுதலாக 100 முதல் 150 மில்லி பால் ஊற்றி இளக்கிக்கொள்ள வேண்டும்; தாளின் மூலைகள் எங்கும் வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் அந்த இடம் கடக்முடக்கென்றாகிவிடும். காயில் ஈரம் எஞ்சியிருக்கிறதோ என்று சந்தேகம் இருக்கும் நாளில் நான் இந்த வகையைத்தான் எடுப்பேன். அப்போது நம்மைக் கெடுக்க வந்த நீர் நமக்கே வேலை செய்துவிடும்.

வீட்டிலேயே தாள் தேய்ப்பவர்களுக்கு, 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை என்பது கணக்கு. முட்டை வேண்டாதவர்கள் எடையில் இரண்டு பங்கு நைசான ரவை மாவுக்கு ஒரு பங்கு வெதுவெதுப்பான நீர் சேர்த்துப் பிசையலாம். எதுவானாலும் பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, அடியில் வைத்த கை நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். கொதிநீரில் ஒரு நிமிடம் போதும்.

சீஸ் விஷயத்தில் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். நீரில் மிதக்கவிட்டு விற்கும் மென்மையான மொசரெல்லா இதற்கு ஏற்றதல்ல; ஈரம் குறைந்த கெட்டி மொசரெல்லாவே வேண்டும். அதையும் கட்டியாக வாங்கித் துருவிக்கொள்வது மேல். துருவியே விற்பதில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் போன்ற பொடிகளைத் தூவியிருப்பார்கள்; அது அவ்வளவு ஒழுங்காக உருகாது. மேலும், சைவம் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. தாவர உறைபொருளோ நுண்ணுயிர் உறைபொருளோ கொண்டு செய்த கெட்டிச் சீஸ்களும் கிடைக்கின்றன. பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து வாங்கினால் சரி.

அடுக்குவது விரைவான வேலை. பாத்திரத்தின் அடியில் மெல்லியதாகச் சாஸ் தடவி மூன்று தாள்கள். அதன்மேல் காளான், ஒன்றரைக் கரண்டி சாஸ், கொஞ்சம் சீஸ். மீண்டும் தாள்கள், பசலை, சாஸ். மீண்டும் தாள்கள், பூசணி, சாஸ். கடைசித் தாள்களின்மேல் மீதிச் சாஸ் முழுவதும், எஞ்சிய சீஸ் முழுவதும். நடுவில் குவித்து ஓரத்தில் குறைப்பது எல்லார் கைக்கும் இயல்பு. வேண்டுமென்றே ஓரங்களிலிருந்து தொடங்கிப் பரப்பினால் சமமாக வரும். மேல் தாளுக்கு மட்டும் சாஸில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

180 டிகிரியில் முதல் 25 நிமிடம் மூடியும், பிறகு 15 முதல் 20 நிமிடம் திறந்தும் வேக வேண்டும். மூடுவதற்கு அலுமினியத் தாளைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருந்து, அலுமினியத் தாள் உணவின்மேலும் படுமானால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே உப்புள்ள ஈரமான உணவு அமைந்து, ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. மிச்சத்தை அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் தாளில் பொடிப்பொடியாக ஓட்டைகளும் அவற்றுக்கு நேர்கீழே சாம்பல் நிறப் புள்ளிகளும் இருக்கும். கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களில் இந்தச் சிக்கல் இல்லை. உணவுக்கும் தாளுக்கும் இடையே ஒரு பட்டர் பேப்பர் வைத்தாலும் போதும்.

ஓரங்களில் சாஸ் குமிழியிட்டு, மேலே பொன்னிறப் புள்ளிகள் படர்ந்ததும் வெளியே எடுத்து, குறைந்தது 15 நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். ஓவனிலிருந்து எடுத்த சூட்டில் சாஸ் இன்னும் ஓடுகிற பதத்தில்தான் இருக்கும். சூடு தணியத் தணியத்தான் ஸ்டார்ச் இறுகி அடுக்குகளைப் பிடித்து நிறுத்தும். பசியோடு காத்திருப்பவர்களுக்கு இந்தக் கால் மணி நேரம் நீளமானதுதான், ஆனால் இவ்வளவு பிழிந்தும் சுண்டவைத்தும் பார்த்துப் பார்த்துச் செய்ததை அவசரக் கத்தியிடம் ஒப்படைப்பதற்கில்லை.

மிச்சமிருந்தால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரை வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த லசான்யா செங்குத்தாக, சுத்தமாக வெட்டுப்படும் என்பதால், துண்டு போட்டு உறைய வைப்பதானால் மறுநாள் காலையில் செய்வது உசிதம். சூடாக்கும்போது மேலே ஒரு தேக்கரண்டி பால் தெளித்து, மூடி, 170 டிகிரியில் நடுப்பகுதி ஆவி பறக்கும் வரை வைக்க வேண்டும். முந்தைய நாளே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்து, விருந்தினர் வரும் நேரத்துக்குச் சுட்டுக்கொள்வதும் வசதிதான். வேகும் நேரத்தில் 15 நிமிடம் கூட்டிக்கொண்டால் போதும். ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கும் ஓவனுக்குள் வைத்துவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும். அரை மணி நேரம் வெளியே வைத்து, குளிர்ச்சி விட்ட பிறகு வையுங்கள்.